பாட்ஸ்வில் மரூன்ஸ்: சனிக்கிழமை கொடுத்ததும் சனிக்கிழமை எடுத்ததும்

கேள்வி இதுதான்: "அமெரிக்கன் ஃபுட்பாலில் பாட்ஸ்வில் மரூன்ஸ் என்று ஒரு சின்ன ஊர் டீம் இருந்ததாம். 1925-இல் என்.எஃப்.எல். என்ற பெரிய தொழில்முறை லீகின் பட்டத்தையே ஜெயித்ததாம், அப்புறம் அதைப் பறித்துவிட்டார்களாம். உண்மையா? உள்ளூர் லீகில் ஆடிய டீம் அவ்வளவு தூரம் எப்படிப் போனது, கடைசியில் என்ன ஆனது?"

மைதானத்தில் ஜெயித்தார்களா என்றால், ஜெயித்தார்கள். பறித்தார்களா என்றால், அங்கேதான் சிக்கல். "எங்கள் பட்டத்தைத் திருடிவிட்டார்கள்" என்று பாட்ஸ்வில்காரர்கள் நூறு வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். "விதியை மீறினார்கள், தண்டனை கிடைத்தது" என்று லீக் சொல்கிறது. இரண்டு கட்சியையும் கேட்ட பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அந்த டீமைப் பெரிய லீகுக்குள் இழுத்து வந்தது ஒரு சனிக்கிழமைச் சமாச்சாரம். வெளியே தள்ளியதும் அதே சனிக்கிழமைதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் ஊரைப் பார்க்க வேண்டும்.

பாட்ஸ்வில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்கூல்கில் கவுண்டியின் தலைநகர். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வடமேற்கே சாலையில் சுமார் 150 கி.மீ. 1920 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 22,000-க்குக் கொஞ்சம் குறைவு. சுற்றிலும் மலை, மலைக்குள் ஆந்த்ரசைட். இது சாதாரண நிலக்கரி இல்லை. கெட்டியானது, பளபளப்பானது, புகை அதிகம் வராமல் நின்று எரியும். அமெரிக்கக் கிழக்குக் கரை நகரங்களில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருந்தது இந்தக் கரிதான். 1917-இல் உற்பத்தி கிட்டத்தட்ட பத்துக் கோடி டன். அதுதான் உச்சம், அதற்குப் பிறகு இறக்கம். ஆனால் 1920-களின் தொடக்கத்தில் இந்த இறக்கம் யார் கண்ணுக்கும் படவில்லை. கையில் காசு இருந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தது, ஊருக்கு ஊர் போட்டி இருந்தது.

இப்படிப்பட்ட ஊர்களில் ஃபுட்பால் எப்படி முளைக்கும் என்று சொல்லவே வேண்டாம். பாட்ஸ்வில்லில் 1920 வாக்கில் யார்க்வில் தீயணைப்புக் குழுவின் ஆதரவில் ஒரு டீம் கிளம்பியது. பெயர்கூட வைக்கவில்லை, "பாட்ஸ்வில் லெவன்", அவ்வளவுதான். ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், தீயணைப்புக்காரர்கள், அப்படி இப்படி கிடைத்தவர்கள். 1924-இல் ஆந்த்ரசைட் லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்: பாட்ஸ்வில், கோல்டேல், கில்பர்ட்டன், ஷெனன்டோவா, மவுண்ட் கார்மெல் என்று ஐந்து கரி ஊர்கள். லீக் என்று பெயர்தான். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இந்த வாரம் இந்த ஊருக்கு ஆடுவான், அடுத்த வாரம் அந்த ஊர் இரண்டு டாலர் கூடக் கொடுத்தால் அங்கே போய்விடுவான். வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை இறக்குவதும் சகஜம். ஆந்த்ரசைட் லீக் அந்த ஒரு சீசனோடு முடிந்துபோனது. அதன் முதலும் கடைசியுமான பட்டத்தை ஜெயித்தது பாட்ஸ்வில்.

அதற்குள் டீமுக்கு ஒரு முதலாளி வந்துவிட்டார். டாக்டர் ஜான் ஸ்ட்ரீகல், ஊரில் பெயர்பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர். அவரைப் பற்றிப் படித்தவரை, பணம் சம்பாதிக்க வந்தவராகத் தெரியவில்லை. "நம்ம ஊர் டீம்" என்ற பித்து பிடித்தவர். அந்தப் பித்துதான் டீமை உயர்த்தியது, பின்னால் கவிழ்த்ததும் அதுதான்.

பெயர் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர் ஜோ சாக்கோ. டீமுக்கு 25 ஜெர்சி வேண்டும் என்று அவரிடம் சொன்னார்கள். கலர் பற்றி ஒன்றும் பிடிவாதம் இல்லை, எது இருந்தாலும் சரி. பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது மரூன், அதாவது நம்ம அரக்குச் சிவப்பு. அதிலிருந்து டீம் "மரூன்ஸ்". புலி, சிங்கம், கழுகு என்று தேடித் தேடிப் பெயர் வைத்த காலத்தில், ஸ்டாக்கில் இருந்த துணியின் கலரே பெயரான டீம் இது. சாக்கோ பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருஷம் கழித்துத் திரும்ப வருவார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். பென்சில்வேனியாவில் அப்போது "நீலச் சட்டங்கள்" என்று பேச்சுவழக்கில் சொல்லப்பட்ட பழைய சட்டங்கள் இருந்தன. ஞாயிறு தேவனுக்குரிய நாள். அன்றைக்குக் காசு வாங்கி விளையாட்டு நடத்தக் கூடாது. 1933 வரைக்கும் இது தளரவே இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ராங்க்ஃபோர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் என்று ஒரு என்.எஃப்.எல். டீம் இருந்தது. மாநகரப் போலீஸ் கண்முன்னால் ஞாயிறு ஆட முடியாது. அதனால் தங்கள் உள்ளூர் ஆட்டங்களைச் சனிக்கிழமை வைத்துக்கொண்டார்கள். மற்ற என்.எஃப்.எல். டீம்கள் பெரும்பாலும் ஆடுவது ஞாயிறு.

கரி ஊர்களில் கதையே வேறு. சுரங்கத்தில் வாரம் ஆறு நாள் வேலை. ஆட்டம் பார்க்க ஒரு நாள்தான் உண்டு, அது ஞாயிறு. சட்டம் அங்கேயும் அதே சட்டம்தான், ஆனால் ஊரே மைதானத்தில் இருக்கும்போது யார் போய் யாரைப் பிடிப்பது? கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள்.

இதை ஒரு வியாபாரியின் கண்ணோடு பாருங்கள். சிகாகோவிலிருந்தோ க்ளீவ்லேண்டிலிருந்தோ ஒரு டீம் ரயில் ஏறிக் கிழக்கே வருகிறது. சனிக்கிழமை ஃப்ராங்க்ஃபோர்டில் ஒரு ஆட்டம். ஞாயிறு சும்மா ஹோட்டலில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில், சில மணி நேரப் பயணத்தில் பாட்ஸ்வில் போய் இன்னொரு ஆட்டம் ஆடினால்? ஒரே ரயில் செலவில் இரண்டு நாள் வசூல். 1925-இல் பாட்ஸ்வில்லை என்.எஃப்.எல். சேர்த்துக்கொண்டதற்கு ஆட்டத் திறமை ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரணம். ஃப்ராங்க்ஃபோர்டின் சனிக்கிழமை இல்லாவிட்டால் பாட்ஸ்வில்லுக்கு ஞாயிறு கிடைத்திருக்காது.

இதில் ஒரு கூடுதல் லாபமும் இருந்தது. நேற்று ஒரு முழு ஆட்டம் ஆடி, உடம்பெல்லாம் அடிபட்டு, ரயிலில் வந்து இறங்கும் டீமை, ஓய்வெடுத்துக் காத்திருக்கும் டீம் சந்திக்கிறது. அந்தக் காலத்தில் அதே பதினொரு பேர்தான் தாக்குதலும் தடுப்பும் ஆடுவார்கள். மாற்று ஆட்கள் மிகக் குறைவு. மரூன்ஸின் பெரிய ஸ்கோர்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாட்ஸ்வில் ரசிகர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

அதற்காக டீம் லேசுப்பட்டதும் இல்லை. கோச் டிக் ராவ்ச், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், பறவை ஆராய்ச்சியாளர். ஃபுட்பால் கோச்சாக ஒரு பறவை ஆராய்ச்சியாளர் என்பதே எனக்குப் பிடித்த தகவல். அவர் செய்த காரியம் அன்றைக்குப் புதுசு: ஆட்டக்காரர்கள் எல்லோரும் பாட்ஸ்வில்லிலேயே குடியிருக்க வேண்டும், தினமும் பயிற்சிக்கு வர வேண்டும். மற்ற பல டீம்களில் ஆட்டக்காரன் வேறு ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆட்டத்துக்கு முதல் நாளோ அன்று காலையோ வந்து சேர்வான்.

ஆட்டக்காரர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் டோனி லட்டோன். லிதுவேனியக் குடும்பம், அப்பா இறந்ததும் பதினோரு வயதிலேயே சுரங்கத்துக்குப் போனவர். கரி வண்டிகளைத் தள்ளித் தள்ளித்தான் அந்தக் கால் பலம் வந்தது என்பார்கள். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. பந்தை வாங்கிக்கொண்டு நேராக ஆட்களுக்குள் பாய்வார், சுற்றிப் போகிற பழக்கம் கிடையாது. "மனிதப் பீரங்கி" என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் லீக் ஓட்டக் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கவில்லை. பின்னாளில் பழைய பத்திரிகைச் செய்திகளைக் கூட்டிப் பார்த்தவர்கள், 1920-களில் என்.எஃப்.எல்.-இல் அதிக தூரம் ஓடியவர் இவராகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

இன்னொருவர் சார்லி பெர்ரி. லஃபாயட் கல்லூரியில் பெயரெடுத்தவர், உதைப்பதில் கெட்டிக்காரர். 1925-இல் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தது இவர், 74. அதோடு பேஸ்பாலிலும் பெரிய லீகில் ஆடினார், பின்னாளில் அமெரிக்கன் லீகில் அம்பயராகவும் என்.எஃப்.எல்.-இல் ஆட்ட அதிகாரியாகவும் நின்றார். ஒரே மனிதன் இரண்டு ஆட்டத்திலும் ஆடி, இரண்டிலும் விசில் ஊதியதெல்லாம் அந்தத் தலைமுறையோடு போயிற்று.

1925 சீசன். உள்ளூர் ஆட்டங்கள் பக்கத்து ஊரான மைனர்ஸ்வில்லில் உள்ள பார்க்கில். முதல் ஆட்டத்தில் பஃபலோவை 28-0. அடுத்ததில் ப்ராவிடன்ஸிடம் 0-6 தோல்வி. அப்புறம் கேன்டன் 28-0, அதே ப்ராவிடன்ஸைத் திருப்பி 34-0, கொலம்பஸ் 20-0, ஆக்ரன் 21-0. தொடர்ந்து நாலு ஆட்டத்தில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்தபோது ஊர் என்ன நிலையில் இருந்தது தெரியுமா? 1925 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆந்த்ரசைட் சுரங்கங்கள் முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. 170 நாள் நீடித்தது. 1926 பிப்ரவரியில்தான் முடிந்தது. அதாவது மரூன்ஸ் ஆடிய முதல் என்.எஃப்.எல். சீசன் முழுக்க, தொடக்கத்திலிருந்து கடைசி வரை, கரி ஊர்களில் சம்பளமே இல்லை. ஊரே கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பட்டத்தை அந்த ஊர் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14, சனிக்கிழமை, ஃப்ராங்க்ஃபோர்டில் போய் 0-20 தோற்றார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 29, ஞாயிறு, அதே ஃப்ராங்க்ஃபோர்ட் இங்கே வந்தது. 49-0. ஏழு டச் டவுன், அதாவது ஏழு தடவை பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினார்கள். இடையில் கிரீன் பே பேக்கர்ஸையும் 31-0 என்று அனுப்பிவைத்திருந்தார்கள். ஆக மேற்கே சிகாகோ கார்டினல்ஸ், கிழக்கே பாட்ஸ்வில் என்று இரண்டு டீம்தான் மிச்சம்.

டிசம்பர் 6, ஞாயிறு, சிகாகோவின் காமிஸ்கி பார்க். உறைபனி, தரையெல்லாம் வெள்ளை. பாட்ஸ்வில் 21, கார்டினல்ஸ் 7. அன்று அங்கே வந்திருந்த கூட்டம் சில ஆயிரம் பேர்தான். அதே நாளில் நியூயார்க்கில் ரெட் கிரேஞ்ச் என்ற கல்லூரி நட்சத்திரம் சிகாகோ பேர்ஸுக்காக ஆடுவதைப் பார்க்க சுமார் 70,000 பேர் திரண்டார்கள். பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஒரு பக்கம், பணம் இன்னொரு பக்கம். கிரேஞ்சின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு தடவை வரும்.

பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் என்றேனே, அது சரியா? அன்றைக்கு ஃபைனல் என்று ஒன்று கிடையவே கிடையாது. 20 டீம், அட்டவணையை டீம்களே தங்களுக்குள் பேசிப் போட்டுக்கொள்ளும், ஒரு டீம் 12 ஆட்டம் ஆடும், இன்னொன்று 20 ஆடும். சீசன் முடிவில் வெற்றிச் சதவீதம் பார்ப்பார்கள், டிராவைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். டிசம்பர் 20 வரைக்கும் யார் வேண்டுமானாலும் கூடுதலாக ஆட்டம் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பர் 6 இரவு நிலவரம்: பாட்ஸ்வில் 10 வெற்றி, 2 தோல்வி, சதவீதம் .833. கார்டினல்ஸ் 9 வெற்றி, 2 தோல்வி, ஒரு டிரா, .818. முன்னால் இருப்பது பாட்ஸ்வில். பத்திரிகைகள் அவர்களைச் சாம்பியன் என்றே எழுதின. ஆனால் காலண்டரில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது.

இனிமேல் இரண்டு கதை ஒரே வாரத்தில் நடக்கிறது. ஒன்று ஃபிலடெல்ஃபியாவில், மற்றொன்று சிகாகோவில்.

ஃபிலடெல்ஃபியாவில்: நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் 1924 டீம் அமெரிக்காவே கொண்டாடிய டீம். அதன் நாலு பின்கள ஆட்டக்காரர்களான ஸ்டூல்ட்ரேஹர், மில்லர், க்ரௌலி, லேடன் ஆகியோரை "நான்கு குதிரைவீரர்கள்" என்பார்கள். அவர்களையும் பழைய மாணவர்கள் சிலரையும் கூட்டி, ஒரு தொழில்முறை டீமோடு மோதவிட்டால் நல்ல வசூல் என்று யோசனை. முதலில் பேச்சில் ஃப்ராங்க்ஃபோர்டும் இருந்தது. 49-0-க்குப் பிறகு யாரை அழைப்பார்கள்? பாட்ஸ்வில்லைத்தான். மைனர்ஸ்வில் பார்க் இதற்குப் போதாது. ஆகவே இடம் ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க். தேதி டிசம்பர் 12. கிழமை சனி.

என்.எஃப்.எல். விதிப்படி ஒரு டீமின் எல்லைக்குள் இன்னொரு டீம் அனுமதி இல்லாமல் ஆடக் கூடாது. ஃபிலடெல்ஃபியா ஃப்ராங்க்ஃபோர்டின் எல்லை. அதே சனிக்கிழமை ஃப்ராங்க்ஃபோர்டுக்கே உள்ளூர் ஆட்டம் இருந்தது. ஒரே ஊரில், ஒரே மதியத்தில், அவர்கள் வசூலில் கை வைக்கிறார் ஸ்ட்ரீகல். ஃப்ராங்க்ஃபோர்ட் புகார் கொடுத்தது. லீக் தலைவர் ஜோ கார் எச்சரித்தார், ஆடினால் சஸ்பெண்ட் என்று. ஸ்ட்ரீகலோ, லீக் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் தனக்கு அனுமதி கிடைத்தது என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் போட்டாயிற்று, பின்வாங்கினால் வழக்கு வரும் என்ற பயமும் இருந்திருக்கும். ஆடினார்.

அந்த ஆட்டம் நல்ல ஆட்டம். நோட்டர் டேம் முதலில் டச் டவுன் போட்டு, கூடுதல் உதையையும் உள்ளே அனுப்பி 7-0. இரண்டாம் பாதியில் லட்டோன் மோதி மோதிக் கோட்டைத் தாண்டினார், 7-6. சமன் செய்ய ஒரு புள்ளி போதும். டச் டவுனுக்குப் பின் வரும் அந்தச் சின்ன உதை தப்பிப் போனது. கடைசி நிமிஷங்களில் பந்து மறுபடி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து உதைக்கும் தூரத்துக்கு வந்தது. பெர்ரி நின்றார். சுமார் 30 யார்டு, நம் கணக்கில் 27 மீட்டர். உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. மூன்று புள்ளி, 9-7. கல்லூரிக்காரர்களுக்கு முன்னால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிற்கமாட்டார்கள் என்று அன்றைக்கு ஊர் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இந்த உதை அதைக் கொஞ்சம் ஆட்டியது. இந்த ஒரு ஆட்டம்தான் தொழில்முறை ஃபுட்பாலைக் காப்பாற்றியது என்று பாட்ஸ்வில் பக்கம் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம். அந்த வேலையை கிரேஞ்சைப் பார்க்க வந்த எழுபதாயிரம் பேர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள்.

கார் சொன்னபடியே செய்தார். 500 டாலர் அபராதம், சஸ்பெண்ட், லீக் உரிமை ரத்து. மறுநாள் ப்ராவிடன்ஸுடன் ஆட இருந்த ஆட்டமும் போயிற்று.

சிகாகோவில் நடந்தது இன்னும் வேடிக்கை. கார்டினல்ஸ் ஓனர் கிறிஸ் ஓப்ரையனுக்குப் பட்டத்தை விட முக்கியமான கவலை ஒன்று இருந்தது: கிரேஞ்ச் ஆடும் பேர்ஸோடு இன்னொரு ஆட்டம் கிடைத்தால் கல்லா நிரம்பும். நவம்பர் 26-இல் இரண்டு டீமும் மோதி 0-0 ஆனபோது வந்த கூட்டத்தை அவர் பார்த்தவர். தன் டீம் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் பேர்ஸ் மறுக்கமாட்டார்கள். அதனால் அவசர அவசரமாக இரண்டு நோஞ்சான் டீம்களை ஆடக் கூப்பிட்டார். டிசம்பர் 10 மில்வாக்கி பேட்ஜர்ஸ், டிசம்பர் 12 ஹேமண்ட் ப்ரோஸ்.

மில்வாக்கி டீம் அதற்குள் சீசன் முடிந்து கலைந்து போயிருந்தது. ஆள் போதவில்லை. ஆர்ட் ஃபோல்ஸ் என்ற கார்டினல்ஸ் ஆட்டக்காரர், தான் படித்த எங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நாலு பையன்களை அழைத்து வந்து, மாற்றுப் பெயர் கொடுத்து, எதிரணியில் நிறுத்தினார். ஸ்கோர் 59-0. பள்ளிப் பிள்ளைகளைத் தொழில்முறை ஆட்டத்தில் இறக்கியது வெளியே வந்ததும் லீக் கொதித்தது. ஃபோல்ஸுக்கு ஆயுள் தடை. மில்வாக்கி ஓனர் ஆம்ப்ரோஸ் மெக்கர்க்குக்கு 500 டாலர் அபராதம், டீமை விற்றுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஓப்ரையனுக்கு 1,000 டாலர். அந்த ஆட்டத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றும் கார் சொன்னார். எடுக்கவே இல்லை. இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. ஹேமண்டை 13-0 ஜெயித்ததையும் சேர்த்து கார்டினல்ஸ் 11-2-1, .846. லீக் புத்தகத்தில் 1925 சாம்பியன் அவர்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் சொன்னபடி மில்வாக்கி ஆட்டத்தை நீக்கினால் கார்டினல்ஸ் 10-2-1. டிராவை விட்டால் பன்னிரண்டுக்குப் பத்து, .833. பாட்ஸ்வில்லும் பன்னிரண்டுக்குப் பத்து, .833. ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அப்புறம் யார் யாரை ஜெயித்தார்கள் என்று பார்த்தால், டிசம்பர் 6 பனியில் 21-7.

அதனால் "பறித்தார்கள்" என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஸ்ட்ரீகல் விதியை மீறியது மீறியதுதான். சனிக்கிழமை ஃப்ராங்க்ஃபோர்டுக்கு, ஞாயிறு உனக்கு என்ற ஏற்பாட்டில் வாழ்ந்த டீம், ஃப்ராங்க்ஃபோர்டின் சனிக்கிழமையிலேயே, அதுவும் அவர்கள் ஊரிலேயே கடை விரித்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் அந்தத் தவற்றுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. நோட்டர் டேம் ஆட்டம் லீக் ஆட்டமே கிடையாது. அந்த ஆட்டத்துக்கு முன்பே பத்து வெற்றியும் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், பள்ளிப் பையன்களை வைத்து நடத்திய ஆட்டத்தின் வெற்றி அப்படியே நின்றது. ஒருவருக்கு எழுத்துப்படி தண்டனை, இன்னொருவருக்குச் சொன்ன தண்டனைகூட முழுசாக இல்லை. பாட்ஸ்வில்காரர்களின் கோபம் நியாயம் என்று எனக்குப் படுவது இந்த இடத்தில்தான்.

ஓப்ரையனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1926 தொடக்கத்தில் லீக் கூட்டத்தில் பட்டத்தை அவருக்குக் கொடுக்க வந்தபோது அவர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். தன் டீமை நேரில் தோற்கடித்தவர்கள் இருக்கும்போது அதை எப்படி ஏற்பது என்ற எண்ணமா, பள்ளிப் பையன் விவகாரத்தின் வெட்கமா, எதுவாக இருந்தாலும் மனுஷன் மறுத்தார். கார்டினல்ஸ் பிற்பாடு கை மாறி, 1930-களின் தொடக்கத்தில் சார்லஸ் பிட்வில் 50,000 டாலருக்கு வாங்கினார். அந்தக் குடும்பம்தான் 1925 பட்டத்தைத் தங்கள் சொத்தாக உரிமை கொண்டாடத் தொடங்கியது. டீம் செயின்ட் லூயிஸ் போய், அரிசோனா போய், இன்னும் அதே குடும்பத்திடம்தான் இருக்கிறது. 1925-ஐயும் சேர்த்து அவர்கள் கணக்கில் இருப்பது இரண்டே பட்டம், இன்னொன்று 1947. 2009 பிப்ரவரியில், என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், பென்சில்வேனியா டீமான ஸ்டீலர்ஸிடம் 23-27 தோற்றபோது "பாட்ஸ்வில் சாபம்" என்று பேசிக்கொண்டார்கள். சாபமெல்லாம் இல்லை, ஆனால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மரூன்ஸ் அத்தோடு முடியவில்லை. 1926-இல் கிரேஞ்சும் அவருடைய ஏஜெண்டும் போட்டி லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்ஸ்வில் அந்தப் பக்கம் போய்விடுமோ என்ற பயத்தில் என்.எஃப்.எல். மறுபடி சேர்த்துக்கொண்டது. அந்த வருஷம் 10-2-2, மூன்றாவது இடம். பட்டம் ஃப்ராங்க்ஃபோர்டுக்கு, அதுவும் தலைவிதியின் விளையாட்டு. 1927-இல் 5-8. 1928-இல் 2-8. நல்ல ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது, ஊரிலும் காசு இல்லை. வேலைநிறுத்தம் முடிந்து சுரங்கம் திறந்தாலும், 170 நாள் கரி இல்லாமல் தவித்த வீடுகள் எண்ணெய்க்கும் வேறு எரிபொருளுக்கும் மாறத் தொடங்கியிருந்தன. போன வியாபாரம் முழுசாகத் திரும்பவில்லை. லீகும் சின்ன ஊர்களை உதறிவிட்டுப் பெரிய நகரங்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. 1929-இல் டீம் பாஸ்டனுக்குப் போய் பாஸ்டன் புல்டாக்ஸ் ஆனது. நாலு வெற்றி, நாலு தோல்வி. ஒரே சீசன், கலைந்தது. ஃப்ராங்க்ஃபோர்டும் 1931-இல் மூடிக்கொண்டது.

டீம் போய்விட்டது, வழக்கு போகவில்லை. ஜெர்சி வாங்கிக் கொடுத்த ஜோ சாக்கோ கடையை நடத்திக்கொண்டே பல பத்து வருஷம் லீகுக்குக் கடிதம் எழுதினார், ஆள் பிடித்தார், பத்திரிகையில் பேசினார். 1963-இல் லீக் ஒரு குழு அமைத்து ஓட்டெடுத்தது: பாட்ஸ்வில்லுக்கு எதிராக 12, ஆதரவாக 2. 2003-இல் மறுபடி. பென்சில்வேனியா கவர்னர் எட் ரெண்டலே வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். அந்த அக்டோபரில் ஓனர்கள் ஓட்டுப் போட்டார்கள்: 30-க்கு 2. ஆதரவு கொடுத்த இருவர் அதே மாநிலத்தின் ஸ்டீலர்ஸும் ஈகிள்ஸும். பாட்ஸ்வில் ஜனத்தொகை இப்போது 13,000 சொச்சம். டீம் ஆடிய காலத்தில் இருந்ததில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம்.

லீக் கொடுக்காத கோப்பையை அவர்களே செய்துகொண்டார்கள். உயிரோடு இருந்த பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆந்த்ரசைட்டில் ஒரு ஃபுட்பாலைச் செதுக்கவைத்தார்கள். கன்னங்கரேல் என்று, தேய்த்து மெருகேற்றிய கரி. 1925 உலகச் சாம்பியன்கள் பாட்ஸ்வில் மரூன்ஸ் என்று அதில் எழுத்து. அதை ஒஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள ஃபுட்பால் புகழ்க்கூடத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷப் பட்டம் கார்டினல்ஸுடையது என்று பதிவு வைத்திருக்கும் அதே ஆட்டத்தின் புகழ்க்கூடம், அந்தக் கரிப்பந்தையும் வாங்கி வைத்துக்கொண்டது.